ஐந்து வருடமும் ஒரு வரியும்

நியூஜெர்சியில் மருத்துவக் கருவிகள் வழங்கும் ஒரு கம்பெனியில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். அதற்கு முன்பு ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட்; வென்டிலேட்டர், ஆக்சிஜன், ஐ.சி.யூ. என்று காலம் ஓடியது. இப்போது என் நாளில் பாதி மாஸ்க் அளவு பார்ப்பதில் போகிறது, மீதி பாதி காகிதத்தில். காகிதம் என்றால் பெரும்பாலும் ஒரே விவகாரம்தான். ஸ்லீப் ஆப்னியாவுக்கு வைத்திருக்கும் சிபாப் மெஷின் பழசாகிவிட்டது, அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர் புதுசு தருமா?

தரும். ஆனால் கேட்பவர்கள் நினைக்கிற காரணத்துக்காகத் தராது. போனில் எல்லோரும் மெஷினின் நோயைத்தான் விவரிப்பார்கள். "லாரி மாதிரி உறுமுது", "தண்ணி சூடே ஆக மாட்டேங்குது", "ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா நின்னுடுது." மெடிகேரின் காதில் இந்த உறுமல் விழாது. அதற்கு வேண்டியது இரண்டே இரண்டு. மெஷின் உங்கள் கைக்கு வந்து ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும். நீங்கள் அதைத் தொடர்ந்து உபயோகிக்கிறீர்கள், அதனால் உங்களுக்குப் பலன் இருக்கிறது என்று டாக்டர் தன் குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்ப்பதற்குள் எத்தனை பேர் எத்தனை மாதம் அலைகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்லீப் ஆப்னியா என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்று போகும் வழி அடைபடுகிறது. மூச்சு நிற்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. இது மணிக்கு இருபது, முப்பது தடவை நடந்தாலும் தூங்குகிறவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்து அந்த வழியைத் திறந்தே வைக்கலாம் என்று கண்டுபிடித்து 1981இல் லான்செட் இதழில் எழுதினார். இன்றைக்குத் தலைமாட்டில் இருக்கும் சின்னப் பெட்டி அதன் வாரிசு. உள்ளே ஒரு காற்றாடி மோட்டார், ஒரு சென்சார், தண்ணீரைச் சூடாக்கும் தட்டு. அவ்வளவுதான்.

தினம் ஏழு மணி நேரம் வீதம் ஓடினால் ஐந்து வருடத்தில் 12,700 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. பேரிங் தேயும். சூடாக்கும் தட்டு ஒரு பக்கம் செத்துப்போகும். சில மாடல்களில் மோட்டாரின் ஆயுள் முடிந்தது என்று திரையிலேயே எழுத்து வந்துவிடும். அதைப் பார்த்த மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் எங்களுக்குப் போன் வரும். மெஷின் அன்றைக்கே நின்றுவிடும் என்று பயந்துபோயிருப்பார்கள். அப்படி நிற்பதில்லை. அந்த எழுத்து வந்த பிறகும் மாதக்கணக்கில் ஓடிய மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் டாக்டரிடம் நேரம் கேட்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது.

இனி விதி. மெடிகேரின் பி பகுதியில்தான் வீட்டு உபயோகக் கருவிகள் வருகின்றன. முதல் தடவை மெஷின் கொடுக்கும்போது மெடிகேர் அதை விலைக்கு வாங்கித் தருவதில்லை. பதின்மூன்று மாதம் வாடகை கட்டுகிறது. பதின்மூன்றாம் மாத வாடகை போனதும் மெஷின் நோயாளிக்குச் சொந்தம். ஐந்து வருடக் கணக்கு சொந்தமான நாளிலிருந்து ஓடுவதில்லை. வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிய நாள்தான் தொடக்கம். தொழிற்சாலையில் அது எப்போது செய்யப்பட்டது என்பதும் கணக்கில் வராது. நிறையப் பேர் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தேதியைப் படித்துக் காட்டி வாதாடுவார்கள். அந்தத் தேதியால் ஒரு பயனும் இல்லை. நான் தேடுவது டெலிவரி ரசீதை.

ஐந்து வருடத்துக்கு முன்பே மெஷின் கெட்டால்? தேய்மானம் என்றால் புதுசு கிடையாது. பழுது பார்க்கத்தான் பணம் தருவார்கள், அந்த நாட்களுக்கு மாற்று மெஷினுக்கு ஒரு மாத வாடகை வரைக்கும் தருவார்கள். திருட்டு, தீ, வெள்ளம், கைதவறி விழுந்து சுக்குநூறானது என்று குறிப்பிட்ட ஒரு சம்பவத்தால் போயிருந்தால் இடையிலேயே மாற்றித் தருவார்கள். அதற்குப் போலீஸ் ரிப்போர்ட்டோ தீயணைப்புத் துறைக் கடிதமோ நடந்ததை விளக்கும் எழுத்தோ ஃபைலில் இருக்க வேண்டும். ஐந்து வருடம் முடிந்தபின் மெஷின் கெட்டிருக்கவே வேண்டியதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் புதுசு கேட்கலாம். மறுபடி தூக்கப் பரிசோதனை வேண்டாம். முதல் தடவை வைத்த மூன்று மாதச் சோதனைக் காலமும் வேண்டாம். டாக்டரைப் பார்த்தாக வேண்டும். நேரிலும் பார்க்கலாம், வீடியோவிலும் பார்க்கலாம். தூக்க நிபுணர்தான் வேண்டும் என்றும் இல்லை. குடும்ப டாக்டர் போதும். நர்ஸ் பிராக்டிஷனரும் போதும்.

இவ்வளவு சுலபமான விதி எங்கே மாட்டுகிறது? அந்தக் குறிப்பில்தான்.

தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். எட்டு வருட மெஷின், ஒரு ராத்திரிகூட விட்டதில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். கிளினிக்கிலிருந்து எங்களுக்கு ஃபாக்ஸில் வந்த குறிப்பு நான்கு பக்கம். ரத்த அழுத்தம், சர்க்கரை, முழங்கால், ஃப்ளூ தடுப்பூசி எல்லாம் இருந்தன. சிபாப் பற்றி ஒரே வரி: "ஸ்லீப் ஆப்னியா, சிபாப் உண்டு, புது மெஷின் தேவை." படிக்கிறவருக்கு அவரிடம் ஒரு மெஷின் இருக்கிறது என்றுதான் தெரிகிறது. அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாரா, அலமாரியில் வைத்திருக்கிறாரா என்று தெரியவில்லை. தணிக்கைக்கு இந்த ஃபைல் போனால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். எனவே எங்கள் பில்லிங் மேசை அதைத் திருப்பி அனுப்பியது.

பெரியவருக்கு வந்த கோபம் நியாயமானது. "எட்டு வருஷமா மூஞ்சியில தழும்பு விழுந்திருக்கு, இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்கிற தொனியில் பேசினார். நானே கிளினிக்குக்குப் போன் செய்தேன். இந்த இடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நாங்கள் ஒரு படிவம் தயாரித்து, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் செல்லாது. கருவி விற்கிறவர் எழுதிக் கொடுத்தது மருத்துவ ஆவணம் ஆகாது. டாக்டர் தன் நோயாளியைப் பார்த்து, தன் பதிவேட்டில், தன் வார்த்தையில் எழுத வேண்டும். விதி என்ன கேட்கிறது என்று மட்டும் நான் சொல்லலாம். சொன்னேன். வீடியோவில் இன்னொரு தடவை பார்த்தார்கள். இந்தத் தடவை வந்த குறிப்பு இப்படி இருந்தது: "தினமும் இரவு ஆறு முதல் ஏழு மணி நேரம் சிபாப் பயன்படுத்துகிறார். காலைத் தலைவலி இல்லை, பகலில் தூங்கிவிழுவது நின்றுவிட்டது. தொடர்ந்து பயன்படுத்துகிறார், பலன் பெறுகிறார். மெஷினுக்கு ஐந்து வருடம் கடந்துவிட்டது. மாற்று மெஷினுக்கு ஆர்டர் தருகிறேன்." முழுக் கோப்பும் இந்தச் சில வரிகளில் நின்றது. அடுத்த வாரம் மெஷின் போய்ச் சேர்ந்தது.

இதைவிடச் சிக்கலானது அறுபத்தைந்து வயது எல்லையைக் கடப்பது. வேலையில் இருந்தபோது தனியார் இன்ஷூரன்ஸில் மெஷின் வாங்கியிருப்பார்கள். ஓய்வுபெற்று மெடிகேருக்கு மாறியதும், மெஷினை மாற்ற என்ன, ஒரு மாஸ்க் வாங்கக்கூட மெடிகேர் பழைய சரித்திரம் கேட்கும். மெடிகேரில் சேர்வதற்கு முன் எடுத்த தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட் வேண்டும். அது மெடிகேரின் அளவுகோலுக்குப் பொருந்தவும் வேண்டும். சேர்ந்த பிறகு ஒரு டாக்டர் பார்த்து, இவருக்கு இந்த நோய் இருக்கிறது, மெஷினைத் தொடர்ந்து பயன்படுத்துகிறார் என்று எழுதவும் வேண்டும்.

அளவுகோல் இது. மணிக்குப் பதினைந்து தடவையோ அதற்கு மேலோ மூச்சு நின்றாலோ குறைந்தாலோ நேரடியாகத் தகுதி. ஐந்திலிருந்து பதினான்கு என்றால் கூடவே பகல் தூக்கம், ஞாபகக் குறைவு, மனச்சோர்வு, தூக்கமின்மை, உயர் ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் இவற்றில் ஏதாவது ஒன்று பதிவாகியிருக்க வேண்டும். மூச்சுக் குறைவை எண்ணுவதிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினாலே ஒன்று என்று எண்ணுவது தூக்க மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கும் முறை. மெடிகேர் 4 சதவீதம் இறங்கினால்தான் ஒன்று என்று எண்ணும். ஒரே இரவு, ஒரே மனிதர், இரண்டு எண்ணிக்கை.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய ஒரு அம்மாவின் ஃபைலில் இதை நேரில் கண்டேன். முதல் பரிசோதனை நடந்த லேப் மூடிப்போயிருந்தது. அவருடைய பழைய டாக்டரும் ஓய்வுபெற்றுவிட்டார். பல இடங்களில் குறிப்பிட்ட வருடங்களுக்கு மேல் ஃபைல்களை வைத்திருப்பதில்லை. கடைசியில் அவருடைய பழைய கருவிக் கம்பெனியின் ஸ்கேன் பெட்டகத்தில் ரிப்போர்ட் கிடைத்தது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 17. நிம்மதியாக இருந்தது. மூன்றாம் பக்க அட்டவணையைப் பார்த்தால் அது 3 சதவீதக் கணக்கு. 4 சதவீதக் கணக்கில் 9 என்று பொடி எழுத்தில் இருந்தது. பதினைந்து போய்விட்டது. ஆனால் அவருக்குப் பல வருடமாக ரத்தக் கொதிப்பு, மாத்திரை சாப்பிடுகிறார். அது டாக்டர் குறிப்பிலும் இருந்தது. ஒன்பதோடு ரத்தக் கொதிப்பு சேர்ந்ததும் தகுதி வந்துவிட்டது. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பிவைக்கும் ஆஸ்பத்திரிகளிடம் "எல்லாப் பக்கமும் வேண்டும்" என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

ரிப்போர்ட்டே கிடைக்காவிட்டால் மறுபடி பரிசோதனை செய்ய வேண்டியதுதான். 2008இலிருந்து வீட்டிலேயே செய்யும் பரிசோதனையை மெடிகேர் ஏற்கிறது. விரலில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, மூக்கில் ஒன்று மாட்டிக்கொண்டு படுத்தால் போதும். ஆனால் அன்று இரவு சிபாப் இல்லாமல் தூங்க வேண்டும். பல வருடம் மெஷினோடு தூங்கியவர்களுக்கு இது பெரிய கலக்கம். பரிசோதனையில் தேறியபின் அவர் புது நோயாளியாகத்தான் எண்ணப்படுவார். முதல் மூன்று மாதத்துக்குள் தொடர்ச்சியான ஏதாவது முப்பது நாளில் 70 சதவீத இரவுகள், இரவுக்கு நான்கு மணி நேரமாவது போட்டிருக்க வேண்டும். 31ஆம் நாளிலிருந்து 91ஆம் நாளுக்குள் டாக்டரைப் பார்த்திருக்கவும் வேண்டும். வருடக்கணக்கில் பழகியவருக்கு இது சிரமமில்லை. ஆனால் அந்தத் தேதியை விட்டுவிட்டால் மெஷின் கைவிட்டுப் போகலாம்.

நியூஜெர்சியில் எடிசன் ஊர்ப் பக்கம் நம்மவர்கள் அதிகம். பிள்ளைகளோடு வந்து தங்கிய பெற்றோர்கள், கிரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே வசித்து, அறுபத்தைந்து வயதும் ஆகியிருந்தால் மாதப் பிரீமியம் கட்டி மெடிகேர் பி பகுதியில் சேரலாம். 2025இல் அது 185 டாலர். இவர்களில் பலரிடம் சென்னையிலோ கோவையிலோ வாங்கிய மெஷின் இருக்கும். பெரும்பாலான மெஷின்கள் 100 முதல் 240 வோல்ட்வரை தாங்கும் என்பதால் பிளக்கை மட்டும் மாற்றி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு மகள் போன் செய்தார். "அக்கா, அப்பா மெஷினுக்கு ஆறு வருஷம் ஆச்சு, அஞ்சு வருஷ ரூல்ல மாத்திக்கலாம்ல?" அப்பாவும் பக்கத்திலிருந்து, "பில்லு எல்லாம் பத்திரமா வச்சிருக்கேம்மா" என்றார். ஃபைலை வரிசையாக அடுக்கி, பின் குத்தி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். மெடிகேர் பணம் தராத மெஷினுக்கு மெடிகேரின் ஐந்து வருடக் கணக்கு நேராகப் பொருந்தாது. அவருடைய பரிசோதனை ரிப்போர்ட்டில் எண்ணிக்கை இருந்தது. எத்தனை சதவீதக் கணக்கு என்று இல்லை. "மாமா, பழச வச்சு மல்லுக்கட்டுறதவிட ஒரு ராத்திரி வீட்டுப் பரிசோதனை எடுத்துடுங்க, வேலை சுத்தமா முடியும்" என்றேன். அப்படித்தான் முடிந்தது.

அட்வான்டேஜ் பிளான் என்று தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேரில் இருப்பவர்களுக்கு அடிப்படை விதி இதுதான். ஆனால் முன்அனுமதி கேட்பார்கள். அவர்கள் பட்டியலில் உள்ள கடையில்தான் வாங்க வேண்டும். வருடா வருடம் பிளான் மாற்றுகிறவர்கள் வாடகை நடுவில் இருக்கும்போது மாற்றினால் புதுக் கம்பெனி எல்லாக் காகிதத்தையும் மறுபடி கேட்கும். பதின்மூன்று மாதம் முடிகிறவரை யோசித்து மாற்றுங்கள் என்பேன்.

எங்கள் தொழிலில் மறக்க முடியாத காலம் 2021. அந்த ஜூன் மாதம் பிலிப்ஸ் கம்பெனி தன் சிபாப், பைபாப் மெஷின்கள் பலவற்றையும் சில வென்டிலேட்டர்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த பாலியூரித்தேன் நுரை சிதைந்து காற்றோடு நுரையீரலுக்குப் போகலாம் என்பது காரணம். உலகம் முழுவதும் லட்சக்கணக்கான மெஷின்கள். அதே சமயம் சிப் தட்டுப்பாடு. மற்றக் கம்பெனி மெஷினும் கிடைக்கவில்லை. ஐந்து வருடம் கடந்தவர்களுக்கு மெடிகேர் வழி திறந்திருந்தது, மெஷின்தான் இல்லை. ஐந்து வருடம் ஆகாதவர்கள் கம்பெனியின் மாற்று மெஷினுக்குக் காத்திருந்தார்கள். போடுவதா, நிறுத்துவதா என்று கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்பதைத் தவிர என்னால் எதுவும் சொல்ல முடியாது. சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் 3ஜி சேவை நின்றது. அதை நம்பியிருந்த பழைய மெஷின்கள் பல தங்கள் உபயோகக் கணக்கை டாக்டருக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டன. உள்ளே உள்ள எஸ்.டி. கார்டைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னோம்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மெடிகேர் தான் ஒத்துக்கொண்ட தொகையில் 80 சதவீதம் தரும். 20 சதவீதம் நோயாளி. அதற்கு முன் நோயாளியே கட்ட வேண்டிய வருடாந்தரக் கழிவுத்தொகை (டிடக்டிபிள்), 2025இல் 257 டாலர். மாற்று மெஷினுக்கும் பதின்மூன்று மாத வாடகை புதிதாக ஓடும். எந்த மாதம் தொடங்கினாலும் அது இரண்டு காலண்டர் வருடத்தைத் தொடும், எனவே கழிவுத்தொகையும் இரண்டு வருடம் வரும். மெடிகேர் விட்ட மிச்சத்தைக் கட்டும் மெடிகேப் என்ற துணைப் பாலிசி இருந்தால் அந்த 20 சதவீதத்தைப் பெரும்பாலும் அது பார்த்துக்கொள்ளும். பாலிசி இல்லாதவர்கள், டாக்டர் சீட்டை வைத்துக் கையில் பணம் கொடுத்து வாங்கினால் என்ன விலை என்றும் விசாரித்துப் பார்ப்பது நல்லது. கடைக்காரரிடம் மெடிகேர் தொகையை முழுத் தொகையாக ஒத்துக்கொள்கிறாரா என்று முதலிலேயே கேட்க வேண்டும். ஒத்துக்கொள்ளாதவர் அதற்கு மேலும் வசூலிக்கலாம்.

புது மெஷின் வந்த முதல் வாரம் வரும் போன்கள் எல்லாம் ஒரே மாதிரி: "காத்தே வரல." காற்று வருகிறது. பழைய மோட்டாரின் சத்தம் பழகிய காதுக்குப் புதுசு ஓடுவது தெரிவதில்லை. அதோடு புது மெஷின் பெரும்பாலும் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும்படி வைக்கப்பட்டிருக்கும். பழைய மெஷினின் அழுத்த அளவைக் குறித்து வைத்திருந்தால் இதை ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். வேறு கம்பெனி மெஷின் வந்தால் மாஸ்க் பெரும்பாலும் பொருந்தும். தண்ணீர்த் தொட்டியும் ஃபில்டரும் பொருந்தாது. பழசு உங்களுடையதுதான், திருப்பித் தர வேண்டாம். ஓடுகிற நிலையில் இருந்தால் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 2018இல் அமெரிக்கச் சுகாதாரத் துறையின் தலைமைத் தணிக்கை அலுவலகம் மாஸ்க், குழாய் போன்ற மாற்றுப் பொருள்களுக்கான 110 பில்களை எடுத்துப் பார்த்தது. 86 பில்கள் விதிப்படி இல்லை. கேட்காதவர்களுக்கும் மாதாமாதம் பெட்டி பெட்டியாக அனுப்பிய கடைகள் இருந்தன. மெஷின் அலமாரியில் தூங்க, பில் மட்டும் விழித்திருந்த வீடுகளும் உண்டு. பொதுப் பணம் போகிற இடத்தில் "உபயோகிக்கிறாயா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் எங்கே எழுதப்பட வேண்டும் என்பதை நோயாளிக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் அநியாயம். டாக்டர்களுக்குச் சுற்றறிக்கை போகிறது, எங்களுக்கு வகுப்பு நடக்கிறது. மெஷினைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவருக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

அதனால் என் வாயால் சொல்கிறேன். டெலிவரி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வேலையில் இருக்கும்போதே தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். அறுபத்தைந்தில் தேடினால் கிடைக்காது. ஐந்து வருடம் நெருங்கும்போது, மெஷின் நன்றாக ஓடினாலும், டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். நேரம் வாங்கும்போதே "சிபாப் மாற்றுவதற்கு" என்று காரணத்தைச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் போடுகிறீர்கள், போட்டதால் என்ன தேவலை என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் எழுதுவார். 2021இலிருந்து டாக்டர் குறிப்பை நோயாளி தாமதமின்றிப் பார்க்கும் உரிமை சட்டப்படி இங்கே உண்டு. அன்று சாயங்காலமே போர்ட்டலைத் திறந்து, பயன்படுத்துகிறார், பலன் பெறுகிறார் என்ற வரி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் மறுநாளே கிளினிக்கைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த வரி இருந்தால் மிச்ச வேலையை எங்களைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்வோம்.